சிவப்பு மூடி

ஜனவரி 12, திங்கள்

இன்று நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் தகடு எண்ணினேன். ஒவ்வொன்றிலும் முந்நூறு மகரந்தத் துகள். மூன்றாம் குழாய் முடிய இன்னும் நான்கு தகடு பாக்கி. எண்ணும் கருவியை அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரல் தனி ஆளாகிவிட்டது. சாப்பிடும்போதுகூடத் தானாக ஆடுகிறது.

அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஒரே பக்கம், இரண்டு கட்டம். 'முதுநிலைப் பட்டத்துடன் நிறைவு செய்கிறேன்.' 'முனைவர் பட்ட ஆய்வைத் தொடர்கிறேன்.' ஒன்றில் டிக் போட்டு மார்ச் 31-க்குள் கொடுக்க வேண்டும். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன்.

ஜனவரி 17, சனி

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். அது இவர் இருக்கும் ஊரில் இருக்கிறது. கிடைத்தால் ஜூலை முதல் தேதி சேரவேண்டும், கையில் எம்.எஸ்சி. இருக்கவேண்டும். நாலு மணி நேர பஸ்ஸில் வாரம் விட்டு வாரம் போய் வரும் பாடு தீரும். இரண்டு வருடமாக எங்கள் குடித்தனம் அந்த பஸ்ஸில்தான் ஓடுகிறது.

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி: 'உங்கள் ஆய்வை எவருக்கும் புரியும்படி எழுதுக.' அரை நாள் போனது. கடைசியில் எழுதியது இது.

சுற்றியுள்ள மரம், புல், செடிகளின் மகரந்தம் ஆண்டுதோறும் ஏரியில் விழுந்து சேற்றோடு படிகிறது. அடியில் பழையது, மேலே புதியது. மூன்று மீட்டர் நீளக் குழாய் ஒன்றைச் சேற்றில் நேராக இறக்கி எடுத்தால் உள்ளே நாலாயிரம் ஆண்டு இருக்கும். அந்தக் குழாய் வண்டியில் ஏறாது என்று மூன்றாக அறுத்து, மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்திருக்கிறோம். எந்த ஆழத்தில் எந்த மகரந்தம் என்று நான் எண்ணுகிறேன். எப்போது அங்கே காடு இருந்தது, எப்போது புல்வெளி இருந்தது என்று அதிலிருந்து தெரியும்.

இவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். "ஆக மொத்தம் சேத்துல கணக்கெடுக்கிற" என்றார். "ஆமா, நீங்க வாய்ல அளவெடுக்கிற மாதிரி" என்றேன். இவர் பொய்ப்பல் செய்பவர். சிரித்துவிட்டு, "நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சரிதான்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை இவர் சொல்வது இது எத்தனையாவது தடவையோ. எண்ணும் கருவியை வீட்டுக்கும் எடுத்து வரவேண்டும் போலிருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

மூன்றாம் குழாய் முடிந்தது. வரைபடம் போட்டதும் என் ஆய்வு வழிகாட்டி மேடத்தைக் கூப்பிட்டேன்.

அடி ஆழத்தில் மரம் நிறைய. மேலே வர வர மரம் குறைந்து புல் கூடுகிறது. மூன்றாம் குழாயின் தலைமாட்டில் கிட்டத்தட்ட எல்லாம் புல்தான். அதற்கு அடுத்த சென்டிமீட்டர் இரண்டாம் குழாயின் கால்மாடு. அங்கே முழுக் காடு! ஒரே சென்டிமீட்டரில்.

மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எதற்கும் "பாக்கலாம்" என்று மட்டுமே சொல்கிறவர். இன்று எழுந்தே நின்றுவிட்டார். "காடு இப்படித் திடீர்னு தானா வராது. யாரோ நட்டிருக்கணும். கிட்டத்தட்ட மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ உக்காந்து மரம் நட்டிருக்காங்க! தெரியுதா உனக்கு, இது எம்.எஸ்சி. விஷயமே இல்ல. இது பிஎச்.டி."

மே மாத மாநாட்டுக்கு என் பெயரை முதலில் போட்டு ஆய்வுச் சுருக்கம் அனுப்புகிறாராம். என் பெயரை முதலில்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அப்பா போன் செய்தார். மாநாட்டு விஷயத்தை வெள்ளிக்கிழமை சொன்னேன். அதற்குள் குடியிருப்பு முழுக்க நான் டாக்டர். மாடி வீட்டு மாமி போனை வாங்கி, இடது முழங்கால் வீங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். பின்னால் அப்பாவின் குரல்: "அவ மண்ணுக்கு டாக்டர்ங்க. உங்க முட்டிக்கு இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், "நம்ம வீட்ல பேருக்கு முன்னாடி யாரும் எதுவும் போட்டதில்லம்மா" என்றார். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர்ப்பலகைகளைக் கடந்து கருவிப்பெட்டியோடு போயிருக்கிறார்.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

"ரெண்டு பட்டனையும் அமுக்கிட்டு நிக்காத. லிஃப்ட் ஒண்ணும் குழம்பாது. நீதான் குழம்புவ."

பிப்ரவரி 16, திங்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்கு ஏழரை என்று பெயர். பிஎச்.டி.யில் சேர்ந்து ஏழரை வருடம் ஆகிறது. சனியும் அவரும் ஒன்றாகவே குடிவந்ததாக எல்லோரும் கேலி பேசுவார்கள். அவர் காதுபடவே பேசுவார்கள். அவரும் சிரிப்பார். நேரில் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

என் குழாய்தான் அவர் குழாயும். அவர் எடுத்துவந்ததுதான். சேற்றின் வயதை அளந்து கொடுத்தவரும் அவரே. அதில்தான் மாட்டிக்கொண்டார். மூன்றாம் குழாயில் மேல்பக்கம் நாலாயிரத்து நூறு ஆண்டு, கீழ்ப்பக்கம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். பழையது மேலே, புதியது கீழே. இது ஏன் என்று விளக்க நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார் — வேர் இறங்கியிருக்கும், கரையிலிருந்து பழைய மண் சரிந்திருக்கும் என்று. தேர்வாளர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வயதுகளைக் கணக்கில் எடுக்காதே என்று மேடம் எனக்குச் சொல்லியிருந்தார். நானும் எடுக்கவில்லை.

இன்று டீ குடிக்கும்போது படிவத்தைப் பற்றிக் கேட்டேன்.

"கதவு திறந்திருக்கும்போதே போயிடுங்க" என்றார். "நான் குறை சொல்லல. இதுல எனக்கு ரெண்டு நாள் சந்தோஷம்னா ரெண்டு மாசம் முட்டுச்சந்து. அந்த ரெண்டு நாளுக்காக இருந்துட்டேன்."

மார்ச் 2, திங்கள்

குடிநீர்க் கூடத்திலிருந்து கடிதம். வேலை கிடைத்துவிட்டது.

இவரிடம் சொன்னதும் சேரும் தேதியை இரண்டு தடவை கேட்டார். பிறகு, "ரொம்ப நல்லது. ஆனா நீ எந்த முடிவு எடுத்தாலும்..." போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

குளிர் அறையின் மோட்டார் நின்றுவிட்டது. உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். நடைபாதையின் நீள மேசையில் ஈரத்துணி விரித்து எங்கள் குழாய்களை அடுக்கினேன். வழக்கமாக ஒவ்வொன்றும் தனிப்பெட்டியில், தனித்தனி அலமாரியில் இருக்கும். மூன்றையும் சேர்த்து நான் பார்த்தது இன்றுதான்.

எங்கள் ஆய்வகத்து வழக்கம்: மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கருப்பு மூடி. அந்தப்படியே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்தேன். முனையில் நீர் கோத்திருந்தது. துடைப்பதற்காக மூடிகளைக் கழற்றினேன்.

இரண்டாம் குழாயின் கீழ்முனை நேராக இல்லை. ரம்பம் சாய்ந்து, கோணலாக அறுபட்டிருக்கிறது. கடைசியில் கருப்பாக ஒரு இலைப்படிவு, விரல் பருமன். பக்கத்திலேயே மூன்றாம் குழாயின் மேல்முனை. அது நேராக அறுபட்டிருக்கிறது. கருப்பும் இல்லை.

அறுத்தது ஒரே வெட்டு. ஒரு பக்கம் கோணலாகவும் மறு பக்கம் நேராகவும் எப்படி இருக்கும்?

மூன்றாம் குழாயின் கருப்பு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கோணல் வெட்டு. விரல் பருமன் கருப்பு இலை.

குழாயைத் திருப்பி வைத்தேன். சட்டிக்கு மூடி போலப் பொருந்தி உட்கார்ந்தது.

மார்ச் 17, செவ்வாய்

தலைகீழ். முழுசா ஒரு மீட்டர் தலைகீழ்.

மார்ச் 18, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. முதலில் எனக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும். மூன்றாம் குழாயின் கருப்பு மூடிப் பக்கம், கடைசி இரண்டு சென்டிமீட்டரிலிருந்து சேறு எடுத்து அமிலத்தில் கழுவித் தகடு போட்டேன். இரண்டாம் குழாயின் அடியில் மரம் நூற்றுக்கு எழுபத்தொன்று. இதில் எழுபது.

திருப்பிப் போட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆதியில் புல். மெதுமெதுவாக, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டில், மரம். யாரும் நடவில்லை. காடு தன் பாட்டுக்கு வந்திருக்கிறது.

அப்புறம் எனக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. எல்லா ஏரியிலும் இருக்கற கதைதான்.

மார்ச் 20, வெள்ளி

மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. குழாய்களைப் பெட்டியில் வைத்து உள்ளே கொண்டுபோக வேண்டியதுதான். மூடிகள் எங்கே இருந்தனவோ அங்கேயே இருக்கின்றன. இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கப்போவதில்லை. படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் டிக். மே மாதம் மாநாடு. என் பெயர் முதலில். அப்பாவுக்குப் பெயர்ப்பலகை.

இதை எழுதும்போதே காது சுடுகிறது. எழுதியதை அடிக்கப்போவதில்லை. நினைத்தேன். மூன்று நாள் நினைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று பஸ் பிடித்து வந்தேன். இவர் வேலை செய்யும் கடையிலேயே, மெழுகு வாசனைக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். இவர் கையில் யாருடையதோ மேல்வரிசைப் பற்கள். தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க கடையில மேல் செட்டு கீழ் செட்டு மாறினா அன்னிக்கே தெரிஞ்சிடும். வாய்க்குள்ள போகாது. உங்களுக்கு ஏழு வருஷம் ஆச்சா?"

அழ வந்தவள் சிரித்துவிட்டேன். பிறகு அழவும் செய்தேன். இவர் பற்களை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லிடு. சொல்லலன்னா நீ தூங்க மாட்ட. நீ தூங்கலன்னா போன் பண்ணி என்னையும் தூங்க விட மாட்ட."

மார்ச் 23, திங்கள்

முதலில் ஏழரை அண்ணனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர்தானே எடுத்து வந்தவர். குழாயைத் திருப்பிப் பொருத்தினேன். அவர் கிட்டே வந்து குனிந்தார். கோணல் வெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அன்னிக்குச் சிவப்பு மூடி ரெண்டுதான் எடுத்துட்டுப் போயிருந்தோம்" என்றார். "மூணாவதுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு போட்டுட்டு, மேல்பக்கம்னு பேனால எழுதி வச்சேன். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா குளிர் அறை ஈரத்துல எழுத்து அழிஞ்சிருந்தது. பெட்டியில இடது பக்கம் மேல்பக்கமாத்தான் இருக்கும்னு நானே ஒரு சிவப்பு மூடிய மாட்டிவிட்டேன்."

பிறகு தனக்குத்தானே சொல்வது போல: "நானே மாட்டினேன்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த வயதுகள். குழாயைத் திருப்பினால் மேலே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், கீழே நாலாயிரத்து நூறு. ஒழுங்காக இறங்குகிறது. வேரும் இல்லை, மண்சரிவும் இல்லை. அந்த நாற்பது பக்கமும் தேவையே இல்லை. ஒரே ஒரு மூடியைக் கழற்றி மாட்டினால் இவர் பிஎச்.டி. முடிந்தது. எனக்குப் போனது இவருக்கு வந்துவிட்டது. ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது. உண்மையைத்தானே எழுதவேண்டும். அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் போய்விட்டது.

மேடம் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"நாம மூணு பேர். அப்புறம் என் வீட்டுக்காரர்."

"மாநாட்டுக்காரங்களுக்கும் தெரியணும். நானே எழுதறேன், சுருக்கத்தைத் திரும்ப எடுத்துக்கறோம்னு." கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. "அந்த வயசையெல்லாம் ஒதுக்கி வையின்னு சொன்னது நான்தான். அதையும் எழுதறேன்."

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "இப்ப உன்கிட்ட இருக்கறது ஒரு நல்ல எம்.எஸ்சி. பிஎச்.டி. வேணும்னா புதுசா ஏரிக்குப் போய்ப் புதுசா ஆரம்பிக்கணும். நாலு வருஷம். இந்த மாதிரி பெருசா எதுவும் கிடைக்காமலே போகலாம். யோசி."

மார்ச் 26, வியாழன்

இன்று ஆறு தகடு எண்ணினேன். யாரும் கேட்கவில்லை. எம்.எஸ்சி.க்குத் தேவையும் இல்லை. குழாயை நேராக வைத்த பிறகு, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்று எடுத்திருந்தது போதவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. முதல் மரம் வந்தபோது புல் உடனே ஒதுங்கவில்லை. முந்நூறு ஆண்டு இரண்டும் முட்டிமோதிக்கொண்டு இருந்திருக்கின்றன. ஒரு தகட்டில் மரம் கூடுகிறது, அடுத்ததில் புல் திரும்ப வருகிறது. அடுத்ததில் என்ன என்று போட்டுப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மார்ச் 28, சனி

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இவர் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. வேறு ஒரு தெருவுக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் மாடி, இரண்டு அறை, காலை வெயில் விழும் சமையலறை. சமையலறை ஜன்னலிலிருந்து குடிநீர்க் கூடத்தின் வெள்ளைத் தொட்டி தெரிகிறது.

"ஜனவரியிலயே பாத்துட்டேன். புதன்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன்னு வீட்டுக்காரம்மா சொல்லியிருக்காங்க."

ஜனவரியிலிருந்தா! எந்த முடிவு எடுத்தாலும் சரிதான் என்று சொல்லிக்கொண்டே?

"அது பொய்" என்றார். காலி அறையில் இவர் குரல் பெரிதாகக் கேட்டது. "எனக்கு நீ இங்க வரணும். தனியா சமைச்சுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு. சொன்னா உன்னை இழுக்கற மாதிரி ஆயிடும்னு சொல்லல. சொல்லாம இருந்தது தப்பு. இப்ப சொல்லிட்டேன்."

நானும் சொன்னேன். "அந்தப் பெரிய கண்டுபிடிப்பு இருந்தப்போ பிஎச்.டி. வேணும்னு இருந்தது. பேருக்காகத்தான் ஆசைப்படறேன்னு நினைச்சேன். இப்ப அது போயிடுச்சு. ஒண்ணுமே இல்ல, வெறும் சேறு. இப்பவும் வேணும்னு இருக்குங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இவர் சமையலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். தண்ணீர் நன்றாக வந்தது.

"நீ வரலன்னா ஒரு வாரம் உன்கூடப் பேச மாட்டேன்" என்றார். "அதுக்கு மேல என்னால முடியாது. ஒரு வாரம்."

மார்ச் 31, செவ்வாய்

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் எந்தக் கட்டம் என்றுகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். வெளியே வந்து இவருக்குப் போன் செய்து சொன்னேன்.

ஏப்ரல் 1

போன் இல்லை.

ஏப்ரல் 3

போன் இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருப்பார். அந்தச் சமையலறை வெயில் எனக்கும் வேண்டும்தான். குடிநீர்க் கூடத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரிதான். அதை எழுத ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது.

ஏப்ரல் 6, திங்கள்

ஆறாம் நாளே போன் வந்துவிட்டது. "சாப்டியா?" என்றார். நான் இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும், முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"எத்தன வருஷம்?"

"நாலு. அஞ்சும் ஆகலாம்."

"எனக்கு அப்போ எழுபத்தாறு." கொஞ்சம் யோசித்தார். "சரி. மாடி வீட்டு மாமிகிட்ட மட்டும் நீயே சொல்லிடு. முட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்."

ஜூலை 1

இன்று அந்த வேலையில் சேர்ந்திருக்கவேண்டிய நாள். நாலு தகடு.

செப்டம்பர் 10, வியாழன்

ஏழரை அண்ணனின் வாய்மொழித் தேர்வு. நாற்பது பக்கம் இருந்த இடத்தில் இப்போது அரைப் பக்கம். மூடியை மாற்றி மாட்டியது தானேதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் மேடம் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார். அவரோ வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

இனி அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஆய்வகத்தில் ஒரே குழப்பம்.

நவம்பர் 5, வியாழன்

ஏரிக்கரை. விடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. படகில் குழாயையும் ரம்பத்தையும் ஏற்றியாயிற்று. ரம்பத்தை நேராகப் பிடிக்க நேற்று முழுக்கப் பழைய குழாய்த் துண்டுகளை அறுத்துப் பழகினேன். படகுக்காரர் காத்திருக்கிறார். இந்த நான்கு வரியை எழுதிவிட்டுப் போகிறேன்.

இவர் இப்போதுதான் போன் செய்தார். தொப்பி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "சிவப்பு மூடி எத்தன எடுத்துக்கிட்ட?" என்றார்.

"பன்னெண்டு."

"எத்தன வேணும்?"

"மூணு."